சிறுபாணாற்றுப்படை மந்தியும் உட்காட்சியும்

முன்னுரை

பத்துப்பாட்டினுள் மூன்றாவதாக வைக்கப்பெற்ற சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனை 269 அடிகளாற் பாடிய நூலாகும். இதனைப் பாடியவர் இடைக்கழி நாட்டு நல்லூர் நத்தத்தனார். பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு அவ்வள்ளலின் நாட்டில் முதற்கண் எதிர்ப்படும் ஊர் எயிற்பட்டினம். இன்று விழுப்புரம் மாவட்டத்தில் உப்பளங்களால் அறியப்படும் மரக்காணமே அவ்வூர் என்பது ஆராய்ச்சியாளர் பலர்தம் கொள்கை. இடைக்கழி நாடு மரக்காணத்திற்கு வடக்கே, கழியும் கடலும் சூழ்ந்த அதே கரையில் அமைந்துள்ளது. எனவே, புலவர்க்கு உரிய நாடும் அவர் பாடிய பட்டினமும் ஒரே உப்பங்கழிக் கரையின் பகுதிகள் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இந்நூலின்கண் வரும் மந்தி ஒன்றன் செயலையும், எயிற்பட்டினத்துக் கடற்கரைக் காட்சி ஒன்றனையும் உளநூலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒரு சிக்கலோடு நெடும்பொழுது போராடி விடை காணாது விட்ட பின்னர், எதிர்பாராத நேரத்தில் அவ்விடை தானே வந்து தோன்றுதலை யாவரும் அறிவர். இதனை உளநூலார் ‘உட்காட்சி’ என்பர். அதற்கு முன்னர் நாம் அறியாமலே நம் உள்ளத்தில் நிகழ்வதாகக் கருதப்படும் செயலை ‘நனவிலி எண்ணம்’ என்பர். இப்பொருள் தமிழாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. பாட வேறுபாட்டைத் தெளியும்போதும், அருஞ்சொல்லின் பொருளை நாடும்போதும், ஊர்ப்பெயரின் பழவடிவத்தை ஆயும்போதும் நம்மவர்க்கு இத்தகைய தெளிவுகள் தோன்றுகின்றன. தோன்றியவாறே அச்சிலும் ஏறுகின்றன. அவற்றை எவ்வளவு நம்பலாம் என்னும் வினா நம் துறையின் நேர்மையைத் தொடுவது. ஆதலின் இவ்வாராய்ச்சி வேண்டப்படுவதாயிற்று.

1. மந்தியின் கிலுகிலி

நல்லியக்கோடனின் கொடைக்கு முன் மூவேந்தர் தலைநகரங்களும் வறியனவே என்று கூறவரும் புலவர், பாண்டியனைக் குறிக்குமிடத்துக் கொற்கைத் துறையின் வளத்தை ஒரு சிறு காட்சியால் உணர்த்துகின்றார். உப்பு வணிகராகிய உமணரின் வண்டி வரிசையோடு ஒரு மந்தியும் வருகின்றது. அஃது அவர்தம் மக்களைப் போன்றே வளர்க்கப்பட்டது. மகளிர் பற்களை ஒத்த முத்துக்களை எடுத்து, கூரிய வாயையுடைய எருந்தின் வயிற்றினுள் இட்டு அடைத்து, உமட்டியர் பெற்ற சிறுவரோடு கூடி அதனைக் கிலுகிலுப்பையாக ஆட்டி அம்மந்தி விளையாடுகின்றது.

காட்சி கொற்கையதாயினும் அதனைக் கண்ட கண் உப்பங்கழி நாட்டுப் புலவருடையது. வண்டி, உமணர் குடும்பம், உடன்வரும் வளர்ப்புக் குரங்கு ஆகியன உப்பு விளையும் கரையெங்கும் உரியனவாதலின், அவற்றை அவர் கொற்கைக்குச் சென்றுதான் அறிந்திருத்தல் வேண்டும் என்பதில்லை. முத்து ஒன்றே கொற்கைக்குச் சிறப்பாக உரியது.

இக்காட்சியைப் படிப்போர் பெரும்பாலும் முத்தின் மிகுதியை எண்ணி வியந்து அப்பாற் செல்வர். அதுவே புலவரின் முதற்கருத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும், செயலைக் கூர்ந்து நோக்கின் வேறொன்றும் புலனாகும். முத்தும் எருந்தும் அம்மந்தியின்முன் தனித்தனியே கிடந்த பொருள்கள். கிலுகிலி என்பது அவ்விரண்டினுள் எதனிடத்தும் இல்லை. உள்ளே உருளுவது ஒன்று, அதனை அடக்குவது ஒன்று என்னும் உறவு காணப்பட்ட கணத்திலேயே அது பிறக்கின்றது. கைக்குப் புதிய பொருள் எதுவும் வரவில்லை. முன்னிருந்த பொருள்களுக்கிடையே புதிய உறவு ஒன்று வந்தது. உளநூலார் உட்காட்சிக்குக் கூறும் இலக்கணம் இதுவே.

ஈண்டு ஒரு தடை எழலாம். மந்தி சிறுவர்களின் கிலுகிலுப்பையை முன்னரே கண்டு அதனைப் போலச் செய்திருக்கலாம் அன்றோ? மக்களோடு உடன் வளர்ந்தது என்னும் குறிப்பு இத்தடைக்கு இடந்தருகின்றது. போலச்செய்தலாயினும், மரத்தாலோ ஓலையாலோ அமைந்த விளையாட்டுப் பொருளின் வேலையை முத்தும் ஓடும் செய்யும் என்று காண்பது வெறும் பார்த்துச் செய்தல் ஆகாது. உருவம் மாறியும் உறவு மாறாமையை உணர்தலாம். எனினும், நத்தத்தனார் விலங்கின் அறிவை அளந்து எழுதிய நூலார் அல்லர். அவர் பாடியது ஒரு புனைந்துரை. மெய்யாகவே குரங்கினம் இவ்வாறு செய்யவல்லதா என்பதனைப் பாட்டினால் நிறுவ இயலாது. அதற்கு வேறிடம் செல்லுதல் வேண்டும்.

2. தெனரீபுத் தீவின் ஆராய்ச்சி

1898 ஆம் ஆண்டில் அமெரிக்க உளநூலறிஞர் தார்ண்டைக்கு, பூனைகளைக் கூண்டிலிட்டு ஆராய்ந்து, விலங்குகள் முயன்று தவறியே கற்கின்றன, திடீரென ஒன்றை உணர்ந்து கொள்வதில்லை என்று முடிவு செய்தார். இதனை மறுத்தவர் செருமானியராகிய கோலர். ஆப்பிரிக்கக் கரையை அடுத்த தெனரீபுத் தீவில் 1913 முதல் வாலில்லாக் குரங்குகளாகிய சிம்பன்சிகளை ஆராய்ந்து, 1917 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். சுல்தான் என்னும் சிம்பன்சி கூண்டுக்கு வெளியே கிடந்த பழத்தை எட்ட விரும்பியது. அதன்பால் இரண்டு கழிகள் இருந்தன. எதுவும் தனியே எட்டவில்லை. நெடுநேரம் முயன்று தோற்றபின் அது முயற்சியைக் கைவிட்டுக் கழிகளைக் கொண்டு சும்மா விளையாடத் தொடங்கிற்று. அவ்விளையாட்டில் ஒரு கழியின் முனை மற்றதன் துளைக்கு நேரே அமைந்தபோது இரண்டையும் பொருத்தி, உடனே ஓடிச் சென்று பழத்தை இழுத்துக்கொண்டது.

தெளிவு தோன்றியது முயற்சியின் உச்சத்தில் அன்று, விளையாட்டின் இடையில் என்பது குறிக்கத்தக்கது. நத்தத்தனாரின் மந்தியும் விளையாட்டிலேயே உறவைக் காண்கின்றது. ஆயின், விளையாட்டு மட்டும் போதுமா? 1945 இல் பிர்ச்சு என்பார் செய்த ஆராய்ச்சி இதற்கு விடை கூறும். கோல்களைக் கையாண்டறியாத சிம்பன்சிகள் கோலாற் பழத்தை இழுக்கும் எளிய சிக்கலிலும் பெரும்பாலும் தோற்றன. சில நாள் கோல்களோடு விளையாட விட்டபின் அவையே அச்சிக்கலை விரைந்து தீர்த்தன. எனவே, கோலர் கண்ட ‘திடீர்’ என்பது முன்பழக்கம் இன்றித் தோன்றியதன்று. பழக்கம் பொருளை அறியச் செய்கின்றது. உட்காட்சி அப்பொருளுக்குப் புதிய இடம் தருகின்றது. ஒன்றின்றி மற்றொன்று இல்லை.

சிம்பன்சியும் நம் நாட்டு மந்தியும் ஓரினம் அல்ல என்பதை மறத்தல் கூடாது. ஒன்றன் ஆற்றலை மற்றொன்றன்மேல் ஏற்றுதல் முறையன்று. நாம் ஒப்பிடுவது விலங்குகளை அன்று. செயலின் அமைப்பினையே ஆகும். அவ்வமைப்பில் உடன்வாழ்தல், கையாளுதல், விளையாட்டு, புதிய உறவு ஆகிய நான்கும் இவ்வரிசையிலேயே பாட்டில் அமைந்துள்ளமை வியக்கத்தக்கது.

3. வளம் கூறும் மரபும் பயன் மாற்றமும்

கோலரைப் பின்பற்றிய டங்கர் 1935 இல் மற்றோர் உண்மையை வெளிப்படுத்தினார். ஒரு பொருளை ஒரு பயனுக்கே உரியதாகக் கண்டு பழகியவர் அதனை வேறு பயனுக்குக் கொள்ளுதலில் இடர்ப்படுவர். மெழுகுதிரியைச் சுவரில் நிறுத்தவேண்டிய ஒருவர், முன்னே கிடக்கும் சிறு பெட்டி ஆணிகளால் நிறைந்திருப்பின் அதனை ஆணிக்கலமாகவே காண்பர்; திரி தாங்கும் மேடையாகக் காணார். பெட்டி வெறிதாயிருப்பின் விடை எளிதில் தோன்றும். இதனைப் பயன்வழிப் பிணிப்பு என்று நாம் கூறலாம்.

இவ்வுண்மையோடு சிறுபாணாற்றுப்படையை மீண்டும் நோக்குவோம். கொற்கை வணிகனுக்கு முத்து விலைப்பொருள். விலையே அவன் கண்ணைப் பிணித்துள்ளது. அவனால் அதனைக் கிலுகிலுப்பையின் பரலாகக் காண இயலாது. விலை அறியாத மந்திக்கும் சிறுவர்க்கும் அப்பிணிப்பு இல்லை. எயிற்பட்டினத்துக் காட்சியிலும் இதுவே நிகழ்கின்றது. அலைகள் கொண்டுவந்து ஒதுக்கிய நறுமணக் கட்டைகள், உறங்கும் ஒட்டகங்களைப் போலக் கரையிற் கிடக்கின்றன. பிற நாட்டில் பொன்னுக்கு விற்கும் அம்மணக் கட்டையை நுளைச்சி அடுப்பெரிக்கும் விறகாக்கித் தேறல் அடுகின்றாள். பட்டினப்பாலையிலும் உலர்நெல்லைக் கவரும் கோழியை எறிய மகளிர் காதணியைக் கல்லாகக் கொள்கின்றனர். அவ்வணி சிறுவர் உருட்டும் தேரின் வழியைத் தடுக்கின்றது.

இம்மூன்றையும் ஒருங்கு வைத்து நோக்கின், வளம் கூறும் பழைய மரபின் உள்ளமைப்பு விளங்கும். புலவர் செல்வத்தை எண்ணிக் காட்டவில்லை. விலைமிக்க பொருளை அதன் பயனிலிருந்து விடுவித்து, எளிய பயன் ஒன்றில் நிறுத்துகின்றனர். முத்து பரலாயிற்று, மணக்கட்டை விறகாயிற்று, காதணி கல்லாயிற்று. படிப்போன் உள்ளத்தில் ஒரு பிணிப்பு அவிழ்கின்றது. அவ்வவிழ்ச்சியே அவன் எய்தும் வியப்பு. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்குக் கூறும் நிலைக்களன்களுள் ஆக்கம் என்பதும் ஒன்று. ஒன்று பிறிதொன்றாய்த் திரிதலைக் கண்டு வியத்தல் என்று அதற்கு உரை கொள்வர். உட்காட்சியோடு வரும் மகிழ்ச்சியை ஆக்கத்தின்பாற்பட்ட மருட்கை என்று கொள்ளுதல் நம் மரபுக்கு இயைவதாம்.

ஒட்டக உவமை இன்னும் நுட்பமானது. கிடக்கும் கட்டை ஒன்றே; அதனைக் கட்டையாகவும் காணலாம், உறங்கும் விலங்காகவும் காணலாம். கண்ணுக்கு எட்டும் பொருள் மாறாதிருக்கக் காட்சி மாறுகின்றது. முழுமைக் காட்சிக் கோட்பாட்டினர் சிக்கல் தீர்தலை இத்தகைய காட்சி மாற்றத்தோடு ஒப்பிட்டே விளக்கினர். மரக்காணக் கரையைப் பாடிய புலவர் அதனைக் கோட்பாடாகக் கூறவில்லை. உவமையாகச் செய்து காட்டினார்.

4. உப்பளம் ஓர் உவமையாகுமா?

உள்ளம் நாமறியாமல் உழைக்கின்றது என்னும் கருத்துக்கு வருவோம். பிரெஞ்சுக் கணித அறிஞர் புவான்காரே 1908 இல் தம் பட்டறிவைக் கூறினார். பலநாள் உழைத்தும் முடிவு காணாதிருந்த ஒரு சிக்கலை மறந்து பயணம் செய்தபோது, கூத்தான்சு என்னும் ஊரில் வண்டியின் படியிற் கால் வைத்த கணத்தில் விடை தோன்றிற்று என்றார். இத்தகைய சான்றுகளைத் தொகுத்து 1926 இல் கிரகாம் வாலசு, ஆக்கச் சிந்தனைக்கு ஆயத்தம், அடைகாப்பு, ஒளிர்வு, சரிபார்ப்பு என்னும் நான்கு நிலைகளை வகுத்தார். இவற்றுள் அடைகாப்பு என்பதே நனவிலி எண்ணத்திற்கு உரிய நிலை.

இந்நிலையை விளக்க மரக்காணத்து அளங்கள் இயல்பாகவே உவமையாக வந்து நிற்கின்றன. மழை ஓய்ந்த தை மாதத்திற்குப் பின் பாத்திகளைச் செம்மைசெய்து, உவர்நீரைத் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து மற்றொரு பாத்திக்குப் பாய்ச்சி வெயிலில் வற்ற விடுகின்றனர். கடல்நீர் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்வரை கண்ணுக்கு உப்புப் புலப்படுவதில்லை. சுண்ணாம்புச் சேர்க்கைகள் முன்னரே படிந்துவிடுகின்றன. பின்னர், உரிய செறிவு எய்தியதும் பாத்தியின் அடியில் பளிங்கு போன்ற உப்பு தோன்றத் தொடங்குகின்றது. ஆயத்தமும் அடைகாப்பும் ஒளிர்வும் இதில் அமைந்துள்ளன என்று கூறத்தோன்றும். கருத்துப் ‘படிகமாயிற்று’ என்று திறனாய்வாளர் எழுதுவதும் இவ்வுவமை பற்றியே.

ஆயின், உவமை அழகியது என்பதனாலேயே அது மெய்யாகிவிடாது. அளத்திற் பழகியவர் நீரின் நிறத்தையும் அடர்த்தியையும் நோக்கி, உப்பு இறங்கும் காலம் அணுகிற்று என்று முன்கூட்டியே கூறுவர். நீரடர்த்திமானியை இட்டால் செறிவு படிப்படியாக ஏறுதலை எண்ணாலேயே காணலாம். சிந்திப்பவனுக்கு இத்தகைய மானி உண்டா? மெட்காபு, வீபு என்போர் 1987 இல் இதனை ஆராய்ந்தனர். சிக்கலைத் தீர்ப்போர், தாம் விடைக்கு எவ்வளவு அணுகியுள்ளதாக உணர்கின்றனர் என்பதை இடையிடையே குறிக்கச் செய்தனர். இயற்கணிதச் சிக்கல்களில் அவ்வுணர்வு படிப்படியாக ஏறிற்று. உட்காட்சியால் தீரும் சிக்கல்களிலோ விடை தோன்றும்வரை பெரும்பாலும் ஏறாமலே இருந்து, பின்னர்த் திடீரென உயர்ந்தது. 1986 இல் மெட்காபு செய்த முந்திய ஆராய்ச்சி இன்னும் எச்சரிக்கை தருவது: அணுகிவிட்டோம் என்னும் உணர்வு மிக்கிருந்த இடங்களில் வந்த விடை தவறாதலே மிகுதி.

எனவே, அள உவமை பாதியளவே பொருந்தும். உழைப்பின்றி விளைவில்லை என்பதில் பொருந்துகின்றது. செறிவு ஏற ஏற விளைவு அணுகுகின்றது என்பதில் பொருந்தவில்லை. நம் உள்ளத்தில் நிகழ்வது செறிவு மட்டும் அன்று; அமைப்பு மாற்றமும் ஆகும்.

அடைகாப்பு மெய்யானதா என்பதனையும் காணவேண்டும். சியோ, ஆர்மெராடு என்னும் இருவர் 2009 இல் 117 ஆராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கி, இடைவெளி விடுதல் பொதுவாகப் பயன் தருகின்றது என்று கண்டனர். காரணம் யாது என்பதில்தான் கருத்து வேறுபாடு. நனவிலி உள்ளம் தொடர்ந்து உழைக்கின்றது என்பது ஒரு கொள்கை. தவறான வழியில் ஊன்றிய பிடி இடைவெளியில் தளர்கின்றது என்பது மற்றொன்று. தீராத சிக்கல் உள்ளத்தில் விழித்தே இருந்து, வெளியுலகில் எதிர்ப்படும் ஒரு குறிப்பைப் பற்றிக்கொள்கின்றது என்பது 1995 இல் சைபர்ட்டு முதலியோர் கூறிய மூன்றாவது கொள்கை. நனவிலி எண்ணமே அரிய முடிவுகளை நன்கு எடுக்கும் என்று 2006 இல் பெரிதும் பேசப்பட்ட கோட்பாடு, 2015 இல் பெருந்தொகையினரைக் கொண்டு மீண்டும் ஆராயப்பட்டபோது உறுதிப்படவில்லை. ஆகவே, உள்ளத்தின் ஆழத்தில் நமக்காக உழைக்கும் ஓர் அறிஞன் இருக்கின்றான் என்று கருதி ஓய்ந்திருத்தல் பொருந்தாது.

5. இராமானுசனும் அழிந்த பலகையும்

உட்காட்சி என்றவுடன் தமிழர் நினைவிற்கு முதலில் வருபவர் கணிதமேதை சீனிவாச இராமானுசன் (1887 – 1920). ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், நாமக்கல் நாமகிரித் தாயாரின் அருளால் சூத்திரங்கள் கனவில் தோன்றியதாகக் கூறுவார் என்பது அவரை அறிந்தோர் வழிவந்த செய்தி. அவர்தம் பத்திமையை இழித்துரைத்தல் நம் நோக்கம் அன்று. ஆயின், இச்செய்தியை மட்டும் கொண்டு, கல்லாமலே யாவும் கைவரப்பெற்றவர் என்று எழுதுவோர் அவருடைய உழைப்புக்குத் தீங்கு செய்கின்றனர்.

1903 அளவில் கைக்கு வந்த கார் என்பாரின் கணிதத் தொகுப்பு நூலில் உள்ள ஆயிரக்கணக்கான முடிவுகளைத் தாமே நிறுவி நிறுவி அவர் பயின்றார். தாள் வாங்கப் பொருளில்லாமையால் கற்பலகையிற் கணக்கிட்டு, முடிவை மட்டும் குறிப்பேட்டில் எழுதி, பலகையை முழங்கையால் துடைத்துவிடுவார். வழி அழிந்தது, முடிவு நின்றது. வழியைக் காணாத நமக்கு முடிவுகள் வானிலிருந்து இறங்கியனபோலத் தோன்றுகின்றன. கடையில் உப்பு வாங்குவோன் வற்றிய நீரைக் காண்பதில்லை.

1729 என்னும் எண் பற்றிய நிகழ்ச்சியும் இத்தகையதே. நோயுற்றிருந்த இராமானுசனைக் காணவந்த ஆர்டி, தாம் வந்த வாடகை வண்டியின் எண் சிறப்பற்றது என்றார். இரண்டு வழிகளில் இரு கன எண்களின் கூட்டாக அமையும் மிகச்சிறிய எண் அதுவே என்று இராமானுசன் உடனே விடையிறுத்தார். திடீர் ஒளிர்வுக்கு இதனைச் சான்றாகக் காட்டுதல் வழக்கம். ஆயின், அவ்வெண்ணும் அதன் இனமான கன எண் உறவுகளும் அவருடைய குறிப்பேடுகளிலேயே இடம்பெற்றுள்ளன என்பதைக் குறிப்பேடுகளைப் பதிப்பித்தோர் எடுத்துக்காட்டியுள்ளனர். மறுமொழி உடனே வந்தது. அறிவு முன்னரே வந்திருந்தது.

மற்றொன்றும் கூறவேண்டும். 1913 சனவரி 16 ஆம் நாள் ஆர்டிக்கு எழுதிய புகழ்பெற்ற மடலில் இராமானுசன் குறித்த முடிவுகளுள் பல வியத்தகு மெய்ம்மைகள். பகா எண்களின் தொகையைப் பற்றிக் கூறியனவோ பிழைபட்டவை. இரண்டும் ஒரே உள்ளத்தில் தோன்றின. ஒரே உறுதியோடு எழுதப்பட்டன. தோன்றிய முறையையோ உறுதியின் அளவையோ கொண்டு மெய்யையும் பிழையையும் பிரித்தறிய இயலவில்லை. பிரித்தறிவித்தது நிறுவலே. அவர் குறிப்பேடுகளில் விட்டுச்சென்ற முடிவுகளை நிறுவுவதற்குப் பிற்காலத்தார் பல்லாண்டுகள் உழைக்க நேர்ந்தது. பெர்ண்டு பதிப்பித்த ஐந்து தொகுதிகள் 1985 முதல் 1998 வரை வெளிவந்தன.

6. தமிழாராய்ச்சியில் உட்காட்சி

இனி நம் துறைக்கு வருவோம். உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது, நச்சினார்க்கினியர் உரையில் நூற்பெயர் சுட்டாது எடுத்தாளப்பட்ட மேற்கோள்கள் அவரைப் பெரிதும் வருத்தின. அவை எந்நூலின என்னும் வினா தீராமலே உள்ளத்தில் நின்றது. பின்னர்ச் சங்க நூல் ஏடுகள் கைக்கு வந்து படித்தபோது, அம்மேற்கோள்கள் அங்கே எதிர்ப்பட்டன. மேலே கூறிய மூன்றாவது கொள்கைக்கு இதனினும் நல்ல சான்று தேடவேண்டுவதில்லை. அவ்வேடுகளை வேறொருவர் படித்திருப்பின் அவ்வடிகள் வெறும் அடிகளாகவே இருந்திருக்கும். வினாவைச் சுமந்து சென்றவர்க்கே அவை விடையாயின.

மணிமேகலையின் வரலாறு மற்றொரு பாடம் தருகின்றது. அந்நூலின் சொற்களும் கருத்துகளும் ஐயரவர்களுக்கு நெடுநாள் விளங்கவில்லை. உடன் ஆசிரியராக இருந்த மளூர் அரங்காசாரியர் அது பௌத்த நூலாதல் வேண்டும் என்று உணர்த்தியபின், சிதறிக் கிடந்த சொற்கள் ஒரு கோவைக்குள் வந்து பொருள் பெற்றன. முத்தும் எருந்தும் போன்று சொற்கள் முன்னரே இருந்தன; உறவே இல்லாதிருந்தது. ஆயினும் ஐயரவர்கள் அத்தெளிவோடு நின்றுவிடவில்லை. பௌத்த சமயக் கருத்துகளைப் பலகாலும் கேட்டும் கற்றும் தெளிந்து, சொல்தோறும் சரிபார்த்து, 1898 இல் நூலை வெளியிட்டார். ஒளிர்வு ஒரு நாளில் நிகழ்ந்தது. சரிபார்ப்பு ஆண்டுகளை உண்டது.

எதிர்ப்பக்கமும் உண்டு. நச்சினார்க்கினியர் சேய்மையிற் கிடந்த சொற்களை ஒன்றோடொன்று இயைத்துப் பொருள் காணும் திறன் மிக்கவர். மாட்டு என்னும் அம்முறை சொற்களை மறுகோவை செய்யும் உட்காட்சியே. சில இடங்களில் அஃது இருளை நீக்குகின்றது. சில இடங்களில் பாட்டின் இயல்பான ஒழுக்கினைச் சிதைக்கின்றது என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு (1903), பட்டினப்பாலை (1906) ஆராய்ச்சியுரைகளில் மறுத்தார். இவ்விருவருள் யார் பக்கம் உண்மை என்பதை இடந்தோறும் தனித்தனியே ஆராய்தல் வேண்டும். பொருள் திகழ்ந்து தோன்றிற்று என்பது எவர்க்கும் போதிய சான்றன்று.

இதனை நாம் எடுத்துக்கொண்ட பகுதியிலேயே காணலாம். மந்தி முத்தை எருந்தினுள் அடைத்தது என்றதும், முத்து தான் பிறந்த சிப்பிக்கே மீண்டது என்னும் கருத்து படிப்போன் உள்ளத்தில் பளிச்சிடும். அழகிய கருத்து, கட்டுரைக்குத் தலைப்பாகவும் அமையும். ஆயின், எருந்து என்பது பொதுவாகக் கிளிஞ்சிலைக் குறிக்கும் சொல். முத்தீனும் சிப்பிக்குப் பழநூல்களில் இப்பி என்னும் சொல் உரியதாக வழங்குகின்றது. முத்தைக் குறிக்குமிடத்தும் புலவர் மகளிர் பல்லோடு உவமிக்கின்றாரேயன்றி, அது பிறந்த இடத்தை நினைவூட்டவில்லை. எனவே, ‘தாய்வீடு மீண்ட முத்து’ என்னும் பொருளைப் பாட்டு தாங்காது. சொல்லை நோக்காது ஒளியை நம்பியவர், நத்தத்தனார் சொல்லாததை அவர் வாயிலிட்டு அடைத்தவராவர்.

அண்மைக் காலத்து ஆராய்ச்சிகளும் இவ்வெச்சரிக்கையை வலியுறுத்துகின்றன. உட்காட்சியாற் பெற்ற விடைகள் படிப்படியாகப் பெற்றவற்றினும் மிகுதியும் சரியாயிருந்தன என்று 2016 இல் சால்வி முதலியோர் கண்டனர். எனவே உட்காட்சியை இகழ்தல் தவறு. ஆயின், 2020 இல் லாக்கனென் முதலியோர் மற்றொன்று காட்டினர். ஒரு கூற்றில் ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து வைத்து, அதனைப் படிப்போரே ஒழுங்குபடுத்துமாறு செய்தனர். சொல் விளங்கிய கணத்தில் எழுந்த மகிழ்ச்சி, அக்கூற்றே மெய்யானது என்னும் எண்ணத்தை மிகுவித்தது. எழுத்துப் புதிரை அவிழ்த்த இன்பம், தொடர்பில்லாத கூற்றுக்கு நற்சான்றாக மாறிவிட்டது. புவான்காரேயும், ஒளிர்வோடு வரும் உறுதி சிலபோது நம்மை ஏமாற்றும், ஏமாற்றும்போதும் அதன் வன்மை குறைவதில்லை என்று கூறியுள்ளார். அவர் கூத்தான்சில் கண்ட விடையையும் ஊர் திரும்பியபின் அமைந்திருந்து நிறுவினார்.

ஆகவே, தமிழாராய்ச்சியில் ஒரு புதுப்பொருள் தோன்றியபோது மூன்று வினாக்கள் கேட்கப்படல் வேண்டும். முதலாவது, அச்சொல் அப்பொருளில் வேறிடத்தும் வந்துள்ளதா? இரண்டாவது, ஏடுகளும் உரைகளும் அதற்கு இடந்தருகின்றனவா? மூன்றாவது, எப்பகுதிக்காக அப்பொருள் காணப்பட்டதோ அதனையன்றிப் பிற பகுதிகளையும் அது விளக்குகின்றதா? இவற்றுள் மூன்றாவதே வலியது. இக்கட்டுரையின் மூன்றாம் பகுதியிற் கூறிய பயன் மாற்றம் என்னும் கருத்தையும் இவ்வினாவுக்கு உட்படுத்தவேண்டும். முத்து, மணக்கட்டை, காதணி ஆகிய மூன்றோடு அஃது ஓய்ந்துவிடுமாயின் அது தற்செயல் ஒப்புமையே. பிற ஆற்றுப்படைகளின் வளப்பகுதிகளையும் விளக்குமாயின் மரபெனத் துணியலாம்.

ஆய்வு மாணவர் மற்றொரு பழக்கமும் கைக்கொள்ளல் நலம். முடிவை மட்டும் எழுதிப் பலகையைத் துடைத்துவிடாது, தள்ளிய பொருள்களையும் தள்ளிய காரணத்தையும் குறித்து வைத்தல் வேண்டும். இராமானுசனுக்குத் தாள் இல்லை, நமக்கு உண்டு. வழியைக் காட்டாத முடிவு, படிப்போரிடம் நம்பிக்கையை வேண்டுகின்றது. வழியைக் காட்டும் முடிவு ஆராய்ச்சியை வேண்டுகின்றது. பல்கலைக்கழகத்திற்கு உரியது பின்னதே.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றான், உட்காட்சி என்பது அறியாத ஒன்று புறத்திருந்து வந்து புகுதல் அன்று, அறிந்த பொருள்கள் புதிய உறவில் அமைதலே என்பது பெறப்படும். அதற்கு முன்பழக்கம் இன்றியமையாதது, இடைவெளி துணைசெய்வது, பயன்வழிப் பிணிப்பு தடையாவது. அதனோடு எழும் உறுதியுணர்வு, அமைப்பு மாறிற்று என்பதற்குச் சான்றேயன்றி, மாறிய அமைப்பு மெய் என்பதற்குச் சான்றன்று. உழைப்பினின்று ஒளிர்வைப் பிரித்துப் போற்றுதலும், ஒளிர்வினின்று சரிபார்ப்பைப் பிரித்து விடுதலும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

அள உவமை இறுதிநிலைக்கும் ஒன்று உணர்த்துகின்றது. பாத்தியில் உப்புப் படிந்தபின் எஞ்சும் கசப்பு நீரை உரிய காலத்தில் வடித்துவிடாவிடின், மெக்னீசிய உப்புகளும் உடன் படிந்து விளைந்த உப்பையும் கெடுத்துவிடும். ஆதலின், விளைவு கண்டபின்னும் அளத்துத் தொழிலாளர்க்கு வேலை முடிவதில்லை. உப்பை வாரிக் கரையேற்றிய பின்னரே முடிகின்றது.